பெக்வெல் குடா: காற்றும் ஓதமும் கண்ட கரை

2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் சிங்கப்பூர் தன் தேசிய நாளைக் கொண்டாடிக்கொண்டிருந்தது. அன்றே, பிரான்சு நாட்டின் தென்கரையிலுள்ள மார்சேய் நகரத்துக் கடலில், அந்நாட்டின் பதினேழு வயது இளைஞர் மேக்ஸ் மேடர் ஒலிம்பிக் வெண்கலப் பதக்கம் வென்றார். அவர் கலந்துகொண்டது பட்டத்தால் இழுக்கப்பெறும் பலகையில் நின்று கடல்மீது விரையும் போட்டி. ஒலிம்பிக் விளையாட்டில் அப்போட்டி இடம்பெற்றது அதுவே முதன்முறை. மறுவாரம் எம் பள்ளி மாணவர்கள் பலர் என்னைச் சூழ்ந்துகொண்டு, "பட்டம் ஆளை இழுக்குமா, ஐயா? கிளந்தான் வாவ் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு நாமும் கடலில் போகலாமா?" என்று கேட்டனர். அவர்களுக்குச் சொல்லத் தொடங்கிய விடை, நூல்களைத் தேடத் தேட விரிந்து, காற்றையும் ஓதத்தையும் ஆழமற்ற கடலையும் பற்றிய வரலாறாக வளர்ந்துவிட்டது. அதன் ஒரு பகுதியே இக்கட்டுரை.

மார்சேய் என்ற பெயரைக் கேட்டவுடன் என் நினைவுக்கு வருபவர் ஒருவர் உண்டு. அந்நகரம் கிரேக்கர் குடியேறிய காலத்தில் மசாலியா எனப்பட்டது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அங்கிருந்து புறப்பட்டு, பிரிட்டன் தீவைச் சுற்றி வந்து, தாம் கண்டவற்றை நூலாக எழுதியவர் பித்தியாசு. அந்நூல் இன்று கிடைக்கவில்லை. பிற்காலத்தார் எடுத்துக்காட்டிய சிதறிய குறிப்புகளே எஞ்சியுள்ளன. கடலின் ஏற்றவற்றத்திற்கும் நிலவுக்கும் தொடர்பு உண்டென்று அவர் கூறியதாக அக்குறிப்புகள் தெரிவிக்கின்றன. நடுநிலக் கடலின் பெரும்பாலான இடங்களில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் மிகச் சிறிதே. அக்கடலையன்றி வேறு கடலறியா மக்கள் நடுவே வாழ்ந்த ஒருவர், வடகடலின் பேரோதத்தைக் கண்டு அதன் காரணத்தையும் உணர்ந்தார் என்பது வியப்பிற்குரியது. ஆனால் அவருக்குக் கிடைத்த பரிசு என்ன? புவிநூல் வல்லுநரான சுத்திராபோ அவரைப் பொய்யர் என்றே எழுதி வைத்தார். நம்பப்படாத இந்தச் செய்தி ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் ஒரு படையின் கப்பல்களைப் பலிகொண்டதைக் கீழே காண்போம்.

நாம் பார்க்கப்போகும் இடம் இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையில், கென்ட் மாவட்டத்தில் உள்ள பெக்வெல் குடா. வடக்கே ராம்ஸ்கேட் நகரமும் அதன் வெண்சுண்ணப் பாறைக் குன்றுகளும், தெற்கே ஸ்டூர் ஆற்றின் கழிமுகமும் சாண்ட்விச் நகரத்தை ஒட்டிய மணல்வெளிகளும் அதன் எல்லைகள். நான் அக்கரையை நேரில் கண்டவன் அல்லன். நிலப்படமும் கடற்படமும் நூல்களுமே எனக்கு வழித்துணை. ஆயினும் கிள்ளான், கோலசிலாங்கூர் கரைகளில் நின்று பழகியவர்களுக்கு அக்குடாவை மனக்கண்ணில் காண்பது அரிதன்று. நீர் வற்றும்போது நம் மேற்குக் கரையில் சேற்றுநிலம் பார்வை எட்டும் தொலைவுவரை விரிந்து கிடப்பதைப் போலவே அங்கும் கிடக்கும். நம் மீனவர் 'ஆயர் பாசாங்', 'ஆயர் சூரூட்' என்று நாள்தோறும் எண்ணிப் பார்க்கும் கணக்கே அக்கரையின் உயிர்க்கணக்கும் ஆகும்.

அக்கணக்கை ஆசிரியர்கள் வகுப்பில் விளக்க எளிய வழி உண்டு. கடல்நீர் ஏறுவதற்கு ஏறத்தாழ ஆறேகால் மணி நேரம், வற்றுவதற்கும் அவ்வளவே. எனவே ஒரு நாளில் இருமுறை ஏற்றமும் இருமுறை வற்றமும் நிகழும். ஒவ்வொரு நாளும் அவை முந்தைய நாளைவிட ஐம்பது நிமிடம் அளவு பிந்தும். நிறைமதி, மறைமதி ஆகிய இருநாள்களை ஒட்டி ஏற்றம் மிகும், வற்றமும் மிகும். ராம்ஸ்கேட் கரையில் அந்நாள்களில் நீர்மட்டம் நாலரை மீட்டர் அளவுக்கு ஏறி இறங்குகிறது. தமிழில் 'உவா' என்னும் சொல் நிறைமதி நாளையும் குறிக்கும், மறைமதி நாளையும் குறிக்கும். வேறுபடுத்த வேண்டியபோது வெள்ளுவா, காருவா என்பர். வானில் முற்றிலும் மாறுபட்டுத் தோன்றும் இரு நாள்களுக்கு ஒரே பெயர் ஏன் என்று மாணவர் கேட்டால், கடற்கரைக்கு அழைத்துச் சென்று காட்டுங்கள் என்பேன். வானத்தில் வேறாயினும் கடலுக்கு அவ்விரண்டும் ஒன்றே.

இனி, பட்டமேறிப் பலகையில் செல்வோர் அக்குடாவை நாடும் காரணத்தைப் பார்ப்போம். அவர்தம் பட்டம் நம் வாவ் போன்று மூங்கிலும் தாளும் கொண்டதன்று. துணியால் ஆனது, முன்விளிம்பில் காற்றடைத்த குழாய் உடையது, இருபது, இருபத்தைந்து மீட்டர் நீளமுள்ள கயிறுகளால் செலுத்துவோரின் இடுப்புப் பட்டையோடும் கைப்பிடியோடும் பிணைக்கப்பட்டது. முன்விளிம்புக் குழாயின் அருமை பட்டம் நீரில் வீழ்ந்தால்தான் தெரியும்: மூழ்காமல் மிதக்கும், மிதந்த நிலையிலிருந்தே மீண்டும் வானேறும். இதனை ஆக்கியவர்கள் பிரான்சின் பிரித்தானிப் பகுதியைச் சேர்ந்த புரூனோ லெகெஞ்ஞூ, டொமினிக் லெகெஞ்ஞூ என்னும் உடன்பிறந்தார். 1984ஆம் ஆண்டு நவம்பரில் அவர்கள் காப்புரிமைக்கு விண்ணப்பித்தனர். எனினும் உலகம் அதனைத் திரும்பிப் பார்க்க 1990களின் பிற்பகுதி ஆயிற்று.

அதற்கு முன்னரும் முயன்றவர் உண்டு. பிரிஸ்டல் நகரப் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் போகாக் 1826இல் பட்டங்களால் இழுக்கப்பெறும் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். (பள்ளி ஆசிரியர் என்ற சொல்லை எழுதும்போது எனக்குச் சற்றே பெருமிதம் தோன்றுவதை மறைக்க விரும்பவில்லை.) 1903ஆம் ஆண்டு நவம்பரில் சாமுவேல் கோடி என்பார், பட்டம் இழுத்த சிறு படகில் அமர்ந்து, பிரான்சின் கலே நகரிலிருந்து இங்கிலாந்தின் டோவர் நகருக்கு ஏறத்தாழ பதின்மூன்று மணி நேரத்தில் கடலைக் கடந்தார். முன்னர் அவர் டோவரிலிருந்து கலேக்குச் செல்ல முயன்று தோற்றிருந்தார். காற்று ஒத்துழைக்காதபோது, காற்றுக்கு ஏற்பத் தம் பயணத்தின் திசையையே மாற்றிக்கொண்டார். டோவருக்கும் பெக்வெல் குடாவுக்கும் இடையே தொலைவு மிகுதியன்று. அதே கடல், அதே காற்று.

ஆழமற்ற குடாவில் அலை உயராது. அலை உயர்வதற்குக் காற்று நீண்ட தொலைவு தடையின்றி நீர்மேல் ஓடவேண்டும். நீருக்கு ஆழமும் வேண்டும். தரையைக் கடந்து வந்து குடாவில் இறங்கும் தென்மேற்குக் காற்றுக்கு அவ்விரு வாய்ப்பும் இல்லை. ஆதலால் காற்று வலுவாக வீசினும் நீர்ப்பரப்பு கண்ணாடிக்கு அண்மையாய்த் தட்டையாக இருக்கும். பலகை வழுக்கிச் செல்ல அதனினும் சிறந்த தளம் இல்லை. புதிதாகக் கற்போர் விழுந்தால் இடுப்பளவு நீரில் எழுந்து நிற்கலாம். ஆனால் ஒவ்வொரு நன்மையும் தன் பின்னே ஒரு தீமையை ஒளித்து வைத்திருக்கிறது. ஓதம் வற்றிவிட்டால் பலகைக்கு நீரே இல்லை. உயர்நீர் நேரத்துக்கு முன்பின் சில மணி நேரமே விளையாட்டு. வற்றும் நீர் வெளியே இழுக்கும். தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றும் அவ்வேளையில் சேர்ந்துகொண்டால், பட்டம் இழந்தவர் கரையை விட்டு விலகிக்கொண்டே போவார். குன்றைக் கடந்து வரும் காற்று ஒரே சீராக வராது. சுழித்தும் விட்டுவிட்டும் வரும். அப்போது பட்டம் திடீரெனத் தூக்கும், திடீரெனத் தொய்யும். மார்சேயில் மேடர் நின்ற பலகைக்கு அடியில் நீண்டதொரு தண்டும் அதன் முனையில் சிறகு போன்ற தகடும் உண்டு. அத்தகைய பலகை ஆழமற்ற சேற்றுக்குடாவில் தரையைத் தட்டும்.

ஆகவே இக்குடாவில் இறங்குபவர் மூன்று கேள்விகளுக்கு விடை அறிந்திருக்க வேண்டும். காற்று எங்கிருந்து வருகிறது? நீர் ஏறுகிறதா, வற்றுகிறதா? காலடியில் தரை எவ்வளவு ஆழத்தில் உள்ளது? இம்மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு ஈராயிரம் ஆண்டுகள் பின்னே செல்வோமாயின், உலக வரலாற்றில் பெயர்பெற்ற ஒருவர் இவற்றுள் ஒன்றையும் அறியாமல் வந்து பட்ட பாட்டைக் காணலாம்.

கி.மு. 55ஆம் ஆண்டு கோடையின் இறுதியில் சூலியசு சீசர் இரண்டு படைப்பிரிவுகளுடனும் ஏறத்தாழ 80 சுமைக்கப்பல்களுடனும் பிரிட்டனுக்கு வந்தார். அவர்தம் கப்பல்கள் ஆழ்கடலுக்கு ஏற்றவை. அடிப்பகுதி நீரில் மிகுதியாக அமிழ்பவை. எனவே கரையருகே வர இயலாமல் நின்றன. வீரர்கள் படைக்கலச் சுமையோடு, ஆழம் தெரியாத நீரில் குதிக்கத் தயங்கினர். பத்தாம் படைப்பிரிவின் கொடி தாங்கியவன் முதலில் குதித்து மற்றவரை அழைத்ததாகச் சீசரே எழுதியுள்ளார். பாடநூல்கள் இவ்வீரனைப் போற்றுகின்றன. அவன் குதிக்க நேர்ந்ததே ஆழக்கணக்கின் பிழையால்தான் என்பதைச் சொல்ல மறந்துவிடுகின்றன.

கரையேறிய நான்காம் நாள் பெரும்புயல் எழுந்தது. குதிரைப்படையை ஏற்றி வந்த கப்பல்கள் கரையைக் கண்ணால் கண்டும் அணுக இயலாமல் திருப்பி அடிக்கப்பட்டன. அன்றிரவு நிறைமதி. கரையில் இழுத்து வைத்திருந்த போர்க்கப்பல்களுக்குள் நீர் புகுந்தது. நங்கூரமிட்டு நின்றவை மோதிச் சிதைந்தன. நிறைமதி நாளில் பெருங்கடலின் ஓதம் மிக உயரும் என்பது தம் மக்களுக்குத் தெரியாது என்று சீசர் குறிப்பிடுகிறார். இதனைப் படிக்கும்தோறும் எனக்கு மசாலியாவின் பித்தியாசு நினைவுக்கு வருவார். அச்செய்தி ஒருவருக்குத் தெரிந்திருந்தது, எழுதியும் வைத்திருந்தார், நம்பத்தான் ஆள் இல்லை. சில ஆண்டுகளில், கி.மு. 49இல், அதே மசாலியா நகரை முற்றுகையிட்டு அடக்கியவரும் சீசரே என்பது வரலாற்றின் விந்தைகளில் ஒன்று.

காற்றின் போக்கறிந்து கலம் செலுத்திய ஒருவனைக் கரிகாலனின் முன்னோனாக வெண்ணிக்குயத்தியார் புறநானூற்றில் பாடியிருப்பதை நம் மாணவர் அறிவர். அரசனுக்குரிய பெருமையாகக் காற்றறிவைப் பாடிய அக்கண்ணோட்டத்தோடு சீசரின் நூலைப் படித்தால், அவர் வென்ற இடங்களைவிடத் தடுமாறிய இடங்களே நமக்கு மிகுதியும் கற்பிக்கின்றன.

சீசரிடம் ஒரு நற்பண்பு இருந்தது: பட்டதை மறவாதவர். அடுத்த ஆண்டுக்கெனக் கட்டிய கப்பல்களை உயரம் குறைந்தனவாகவும் அகலம் மிகுந்தனவாகவும் அமைக்கச் செய்தார். ஏற்றுதற்கும் கரைக்கு இழுத்தற்கும் அவை எளியவை. கி.மு. 54இல் ஐந்து படைப்பிரிவுகளும் 2000 குதிரைவீரரும், எண்ணூற்றுக்கு மேற்பட்ட கலங்களில் மாலையில் புறப்பட்டனர். மெல்லிய தென்மேற்குக் காற்று அவர்களைச் செலுத்தியது. நள்ளிரவில் காற்று நின்றது. ஓதம் கப்பல்களை இழுத்துச் சென்றது. விடியற்காலையில் பார்த்தால் பிரிட்டன் இடப்புறம் பின்தங்கிக் கிடந்தது. பிறகு ஓதம் திரும்பியது. அத்திரும்பலைத் துணைகொண்டு துடுப்பு வலித்து, நண்பகல் அளவில் முன்கோடையில் கண்டுவைத்த இறங்குதுறையை அடைந்தனர். கரையில் பகைவர் இல்லை. அத்தனைக் கலங்களைக் கண்டு அஞ்சி, உயர்ந்த நிலப்பகுதிக்கு விலகிச் சென்றிருந்தனர்.

அந்த இறங்குதுறை எது? நெடுங்காலம் டீல், வால்மர் கரைகளையே அறிஞர் பலர் சுட்டினர். நானும் பல ஆண்டுகள் அவ்வாறே மாணவர்க்குச் சொல்லி வந்தேன். 2010இல் பெக்வெல் குடாவை ஒட்டிய எப்ஸ்ஃபிளீட் என்னுமிடத்தில் சாலைப் பணிக்காக நிலத்தைத் தோண்டியபோது ஓர் அகழி தென்பட்டது. பின்னர் லெஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2015 முதல் அங்கே அகழாய்வு நடத்தினர். நான்கு, ஐந்து மீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் ஆழமும் கொண்ட அப்பள்ளம் கி.மு. முதல் நூற்றாண்டினது என்றும், சீசர் பிரான்சில் அலேசியா முற்றுகையில் வெட்டுவித்த அகழிகளின் அமைப்பை ஒத்தது என்றும் கண்டனர். இரும்புப் படைக்கலங்களும் கிடைத்தன. அவற்றுள் ஒன்று உரோமானியர் எறியும் வேலின் முனை. 2017ஆம் ஆண்டு நவம்பரில், கி.மு. 54இல் சீசர் இறங்கியது பெக்வெல் குடாவில்தான் என்ற தம் கருத்தை அவர்கள் வெளியிட்டனர்.

இக்கருத்தை நான் ஏற்பதற்குக் காரணம் வேல்முனை மட்டும் அன்று. சீசரின் சொற்களைக் கடலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிரிட்டன் இடப்புறம் பின்தங்கியது என்றால் ஓதம் அவர்களை வடகிழக்கே கொண்டு சென்றிருக்கிறது. ஆங்கிருந்து திரும்பி வருவோர்க்கு இக்குடா எதிரே நிற்கும். எண்ணூறு கலங்கள் ஒரே வேளையில் கரையொதுங்க இடம் வேண்டும். அக்கம்பக்கத்தில் இதனினும் பெரிய குடா இல்லை. கரை மென்மையானது, திறந்தது என்கிறார். மணலும் சேறுமான சரிவு அதற்குப் பொருந்தும். பகைவர் உயர்நிலத்துக்கு விலகினர் என்கிறார். ராம்ஸ்கேட்டின் குன்றுகள் அருகிலேயே உள்ளன. அவ்வாறாயின் முன்னையோர் ஏன் இக்குடாவை எண்ணிப் பார்க்கவில்லை? அவ்வட்டாரம் அக்காலத்தில் தானெட் என்னும் தனித் தீவாக இருந்ததும், நடுவே வான்ட்சம் என்னும் கடற்கால் ஓடியதும் காரணங்கள். தீவில் இறங்கிய படை மறுபடியும் நீரைக் கடக்கவேண்டுமே என்று தயங்கினர். பின்னாளில், 731ஆம் ஆண்டளவில், பீட் என்னும் துறவி வான்ட்சத்தின் அகலத்தை அறுநூறு மீட்டர் அளவினதாகக் குறித்து, அதனை இரண்டு இடங்களில் கடக்கலாம் என்றும் எழுதியிருக்கிறார். கடக்க முடிந்த நீரைத் தடையென்று கருதியது பிற்காலத்தாரின் தயக்கமேயன்றிப் படையின் தயக்கமன்று.

இன்றைய படத்தைப் பார்த்து அன்றைய வரலாற்றை எழுதுவதால் நேரும் இடர் இதுவே. எப்ஸ்ஃபிளீட் அகழாய்வு நடந்த இடம் இன்று கடலிலிருந்து 900 மீட்டர் உள்ளே இருக்கிறது. அன்று கரை அதன் அருகில் இருந்தது.

இவ்வளவு ஏற்பாட்டோடு வந்த சீசரும் ஒரு பிழையைத் திரும்பச் செய்தார். கலங்களை நங்கூரத்தில் நிறுத்திவிட்டு உள்நாடு சென்றார். மறுநாளிரவே புயல் வீசியது. ஏறத்தாழ 40 கலங்கள் அழிந்தன. அது எத்திசைப் புயலென்று அவர் எழுதவில்லை. ஆனால் இக்குடாவுக்கு ஒதுக்கம் தருபவை வடக்கிலும் மேற்கிலும் உள்ள நிலங்களே. கிழக்கும் தென்கிழக்கும் திறந்தே கிடக்கின்றன. ஒதுக்கமான குடா என்பது எல்லாக் காற்றுக்கும் ஒதுக்கமான குடா ஆகாது. பட்டப் பலகையில் ஏறும் இளைஞர் முதல்நாள் கற்கும் இப்பாடத்தை, அந்தப் பேரரசின் தளபதி நாற்பது கப்பல்களைக் கொடுத்துக் கற்றார். பின்னர் பத்து நாள் இரவுபகலாக உழைத்து, எஞ்சிய அத்தனைக் கலங்களையும் கரையில் இழுத்து, முகாமோடு ஒரே அரணுக்குள் அடக்கினர். தட்டையான கரையும் ஆழமற்ற நீரும் இல்லையேல் அவ்வேலை நடந்திராது. அழித்ததும் அக்கரையே, காத்ததும் அக்கரையே.

கி.பி. 43இல் பேரரசர் கிளாடியசின் படை வந்தபோது வான்ட்சத்தின் தென்வாயில் ரிச்பரோவைத் தளமாகக் கொண்டது. அன்றைய துறைமுகமான அவ்வூர் இன்று கடலிலிருந்து ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் உள்ளே வயல்களின் நடுவே இருக்கிறது. ஆறு கொணர்ந்த வண்டலும் கடல் குவித்த கூழாங்கல்லும் கடற்காலை நிரப்பின; துறவியர் மடங்கள் கரைகள் எழுப்பி ஈரநிலத்தைப் புல்வெளியாக்கின. ஐந்து துறைகள் எனப் புகழ்பெற்றவற்றுள் ஒன்றான சாண்ட்விச், 16ஆம் நூற்றாண்டுக்குள் கப்பல் வரத்தை இழந்து வாடியது. தானெட் இன்றும் பெயரளவில் தீவு என்றே அழைக்கப்படுகிறது. நீரைத் தேடினால் ஓர் ஓடையளவே கிடைக்கும்.

இனி அக்கரையில் நிற்கும் நினைவுச் சின்னங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆசிரியர்கள் கருத்தூன்ற வேண்டிய இடம் இது. 597ஆம் ஆண்டு போப்பாண்டவர் கிரகோரியால் அனுப்பப்பட்ட அகுத்தீன், ஏறத்தாழ நாற்பது துணைவருடன் தானெட்டில் இறங்கினார். கென்ட் அரசன் எத்தல்பெர்ட், மந்திரத்தால் தன்னை வயப்படுத்திவிடுவாரோ என்றஞ்சி, கூரையின்கீழ் அமராமல் திறந்த வெளியில் அவரைச் சந்தித்தான் என்று பீட் எழுதுகிறார். எப்ஸ்ஃபிளீட்டில் 1884இல் நிறுத்தப்பட்ட கற்சிலுவை அவ்வருகையை நினைவூட்டுகிறது. பீட் தீவின் பெயரைச் சொன்னாரேயன்றி அந்த இடத்தைக் குறிக்கவில்லை. பிற இடங்களைச் சுட்டும் ஆய்வாளரும் உண்டு.

அதன் அருகே கிளிஃப்ஸ்எண்டு என்னுமிடத்தில் ஒரு நெடும்படகு நிற்கிறது. 449இல் எங்கிஸ்ட், ஓர்சா என்னும் தலைவர்கள் எப்ஸ்ஃபிளீட்டில் இறங்கி ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கினர் என்பது ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பு தரும் மரபு. அதன் ஆயிரத்தைந்நூறாம் ஆண்டு நிறைவைக் கொண்டாட, 1949இல் டென்மார்க்கிலிருந்து 53 பேர் துடுப்பு வலித்தும் பாய் விரித்தும் அப்படகை ஓட்டி வந்தனர். படகின் பெயர் ஊகின். அவர்தம் ஆர்வமும் உழைப்பும் போற்றத்தக்கவை. ஆனால் அப்படகு நார்வேயில் அகழ்ந்தெடுத்த கோக்ஸ்டாடு கப்பலைப் பார்த்துச் செய்தது. கோக்ஸ்டாடு கப்பலோ 9ஆம் நூற்றாண்டினது. 449இல் வந்தவர்களை நினைக்க, அவர்க்கு நானூறு ஆண்டு பின்வந்த வைக்கிங்குகளின் கப்பல் செய்யப்பட்டது! போதாக்குறைக்கு எங்கிஸ்ட், ஓர்சா என்னும் இரு பெயர்களும் குதிரையையே குறிப்பதால், அவர்கள் வாழ்ந்தவர்களா, கதை மாந்தரா என்னும் ஐயமும் தீர்ந்தபாடில்லை. அக்குடாவிலேயே பெருந்தொகையினர் இறங்கியதற்கு மண்ணுக்கடியில் சான்று வைத்த சீசரின் அகழிக்கோ 2010 வரை ஒருவரும் ஒரு கல்லும் நாட்டவில்லை. மாணவரைச் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியர் கல்வெட்டைப் படிக்கச் சொல்வதோடு நில்லாமல், அதனை நட்ட ஆண்டையும் படிக்கச் சொல்லவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

1858 அக்டோபர் 5ஆம் நாள் மாலையை நினைவில் கொண்டு வில்லியம் டைசு தீட்டிய பெக்வெல் குடா ஓவியம் இலண்டன் டேட் காட்சியகத்துக்குரியது. நீர் வற்றிய கரையில் ஓவியரின் குடும்பத்தார் கிளிஞ்சல் பொறுக்குகின்றனர். பின்னே சுண்ணக்குன்றின் அடுக்குகள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. அந்திவானில் மங்கலாக டொனாட்டி வால்மீன். படைகளின் கரையாக இருந்தது குடும்பம் உலவும் கரையாக மாறியிருந்தது.

20ஆம் நூற்றாண்டில் அக்குடா மீண்டும் கடப்போர்க்குப் பயன்பட்டது. முதல் உலகப்போரில் ரிச்பரோவில் ஒரு மறைமுகத் துறை எழுந்தது. அடிதட்டையான தோணிகள் அங்கிருந்து கடலைக் கடந்து, பிரான்சின் கால்வாய்களுக்குள்ளேயே நேரே சென்றன. 1918இல் தொடர்வண்டிகளைத் தண்டவாளத்தோடு ஏற்றிச் செல்லும் கப்பல்களும் ஓடின. பிறகு 1969இல் பெக்வெல் குடாவின் ஓரத்தில் காற்றுமெத்தைக் கலங்களுக்கு ஒரு நிலையம் திறக்கப்பட்டது. எஸ்.ஆர்.என்.4 என்னும் அப்பெருங்கலம் தன் அடியில் காற்றைச் செலுத்தி, அதன்மேல் மிதந்து, மகிழுந்துகளையும் பயணிகளையும் சுமந்து நாற்பது நிமிட அளவில் கலே சேர்ந்தது. நீர் நிரம்பியிருந்தாலும் வற்றிச் சேறாய்க் கிடந்தாலும் அதற்கு ஒன்றே. சீசரைத் தடுமாற வைத்த ஓதத்துக்கு முதன்முதலாக ஒரு கலம் பணிய மறுத்தது எனலாம். ஆனால் அதனை வீழ்த்தியது கடலன்று, வணிகக் கணக்கு. இரு நிறுவனங்கள் 1981இல் இணைந்தபின் சேவை டோவரில் குவிந்தது. 1982இல் பெக்வெல் நிலையம் மூடப்பட்டது. கட்டடங்கள் இடிக்கப்பட்டன. கலங்கள் கரையேறி நின்ற சிமெந்துத் தளம் மட்டும் எஞ்சியுள்ளது. அதன் வெடிப்புகளில் காட்டுப்பூக்கள் முளைத்திருக்கின்றன.

குடாவின் சேற்றுவெளியும் உவர்ச்சதுப்பும் இன்று தேசிய இயற்கைக் காப்பகத்தைச் சேர்ந்தவை. வடதுருவத்தை ஒட்டிய கிரீன்லாந்திலும் கனடாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்தைக் கழிக்க இங்கு வரும் பறவைகள் பல. அவற்றுள் ஒன்று, கற்களைப் புரட்டி அடியிலுள்ள இரையைத் தேடும் சிறிய கரைப்பறவை. நீர் வற்றியிருக்கும் சில மணி நேரமே அதற்கு உணவு நேரம். நீர் ஏறியதும் கரையோரத்தில் கூட்டமாக அமர்ந்து, உடல் வெப்பத்தைச் செலவிடாமல் ஓய்வெடுக்கும். அவ்வோய்வும் உணவைப் போன்றே இன்றியமையாதது. பட்டப் பலகையாளர்க்கு நீர் வேண்டும். எனவே அவர்கள் வருவதும் அதே உயர்நீர் நேரத்தில்தான். வானில் பாய்ந்து திரும்பும் பெரும்பட்டம் பறவையின் கண்ணுக்குப் பருந்தாகவே தோன்றும். ஒருமுறை எழுந்து பறந்தால் ஒருவேளை உணவின் ஆற்றல் போயிற்று. குளிர்காலத்தில் ஒரே நாளில் பலமுறை எழ நேர்ந்தால், வேனிலில் வடக்கே திரும்பிச் செல்லும் வலிமை அதற்கு இராது.

தவறு இளைஞருடையது என்று சொல்ல நான் விரும்பவில்லை. பெரும்பாலோர் இரைச்சலோ புகையோ இன்றிக் காற்றை மட்டுமே துணைகொள்பவர். ஓதக்கணக்கை நம்மைவிட நன்கறிந்தவர். பறவைகள் தங்கும் பகுதிகளிலிருந்து விலகிப் பட்டம் ஏற்றவேண்டும் என்னும் கட்டுப்பாடுகள் அங்கு உண்டு. அவற்றைக் கற்பித்துக் காக்க முன்வருவோரில் பட்டமேற்றுவோரும் இருப்பது நம்பிக்கை தருகிறது. ஆயினும் வான்ட்சம் நிரம்பியதைப் போல் குடாவும் சிறுகச் சிறுக வண்டலால் மேடேறுமாயின், உயர்நீரில் நீரால் மூடப்படும் பரப்பும் குறையும்; பறவைக்கும் பலகைக்கும் இடையிலுள்ள இடைவெளியும் அதனோடு சுருங்கும்.

என்னைக் கேட்ட மாணவருக்கு நான் முதலில் காட்டியது மேடரின் படத்தையன்று. கிள்ளான் துறைமுகத்தின் ஓத அட்டவணையை. அதில் வெள்ளுவா நாளைக் கண்டுபிடித்துக் குறிக்கச் சொன்னேன். குறித்தனர். மறுமுறை காருவா நாளைக் குறித்தபோது, நீர் அன்றும் அதே அளவு ஏறியிருப்பதைக் கண்டு ஒரு மாணவி, "நிலவே இல்லாத இரவில் யார், ஐயா, கடலை இழுத்தது?" என்று கேட்டாள். அன்றைய பாடவேளை அக்கேள்வியிலேயே கழிந்தது.